தூங்கத் தெரிந்தவள்

நடந்தது இவ்வளவுதான்:

1. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் எங்கள் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்றார்கள். நானும் என்னுடன் வேலை செய்பவளும் விண்ணப்பித்தோம்.

2. அதற்கான தேர்வுக்கு மூன்று இரவுகள் விடியும்வரை படித்தேன். அவள் தினமும் பத்து மணிக்குப் படுத்தாள்.

3. நான்காம் நாள் காலை, ஒரு நோயாளியின் தலையில் ஒட்டிய இடப்பக்க வயர்களைக் கருவியின் வலப்பக்கத் துளைகளிலும், வலப்பக்க வயர்களை இடப்பக்கத்திலும் செருகினேன்.

4. அவள் கண்டுபிடித்தாள்.

அந்த நோயாளி ஒக்கலிபுரத்து ஆட்டோக்காரர். வலிப்பு வந்ததால் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். இந்தப் பரிசோதனைக்கு முந்தின இரவு தூங்காமல் வரச் சொல்வோம். தூக்கம் கெட்ட மூளையில் வலிப்பின் அலைகள் தென்பட வாய்ப்பு அதிகம்.

"நைட்டெல்லாம் முழிச்சிருந்தேன் மேடம். என்னைத் தூங்க விடமாட்டேன்னு பக்கத்துல உக்காந்த பொண்டாட்டி, குறட்ட விட்டுட்டா."

ஐந்து நிமிடத்தில் அவரும் விட்டார். திரையில் அலைகள் மெதுவாகி உயர்ந்தன. அவர்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் தூக்கம் வரவழைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது. தூங்கினால்தான் இறங்கும். நான் குடித்த நான்கு காபி அதைக் குறைக்கவில்லை. அது போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டது, அவ்வளவே. கண் திறந்திருக்கும்போதே மூளையின் சிறு பகுதிகள் நொடிப்பொழுது உறங்கிவிடும். இதையெல்லாம்தான் அந்த மூன்று இரவும் படித்தேன்.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். "அக்கா, அவரு தூங்கறதுக்கு முன்னாடி கண்ண லெஃப்ட்ல திருப்பச் சொல்லியிருக்கீங்க. ரைட்ல பாத்த மாதிரி வந்திருக்கு பாருங்க."

வயர்களை மாற்றிச் செருகி, அவர் எழுவதற்குள் மீண்டும் பதிவு செய்தோம்.

"பர்வாகில்லக்கா, யாருக்குத் தெரியப் போகுது? ரிஜிஸ்டர்ல எழுதாதீங்க."

"எழுதித்தான் ஆகணும்."

"இன்சார்ஜ் போஸ்ட் போயிடும்க்கா!"

அந்த நல்ல மனமும் அவளுக்குத் தூக்கம் கொடுத்ததுதான் என்று நினைத்தேன். தூக்கம் கெட்டால் பயமும் கோபமும் கிளம்பும் பகுதி துள்ளும்; அதை அடக்கும் நெற்றிப்பக்க மூளை தளரும். பொறாமைக்கும் அதையே காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நன்றாகத் தூங்கிய நாள்களிலும் அவளைப் பார்த்தால் எனக்கு எரிந்திருக்கிறது.

பதிவேட்டில் எழுதினேன்: வயர்கள் மாறின, தவறு என்னுடையது.

இப்போது பொறுப்பாளர் அவள். என் ஷிஃப்டை அவள்தான் போடுகிறாள். நான் தினமும் ஆறு மணி நேரம் தூங்குகிறேன். பொறாமை அப்படியே இருக்கிறது.