ஓரகத்தி கொண்டுவந்த சீட்டு

மூன்று வருடத்துக்கு முன்பு, குறுவை அறுப்பு முடிந்து தாளடி நடவுக்கு வயலை உழுதுகொண்டிருந்த நேரம். எங்கள் ஊர் பூதலூர் பக்கம். ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் என் ஓரகத்தி, அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவி, எங்கள் வாசலில் வந்து நின்றார். அடுத்த தெருதான். ஆனாலும் அவர் எங்கள் வீட்டுப் படியேறி நாலு வருடம் ஆகியிருந்தது. அண்ணன் தம்பிக்குள் நஞ்சை நிலத்தைப் பிரிக்கும் வழக்கு தஞ்சாவூர் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் ஒரு சீட்டு. பத்து நாளைக்கு முன்பு அவர் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அது எங்களுக்கும் தெரியும். போய்ப் பார்க்கலாமா என்று என் கணவர் கேட்டபோது நான்தான் பேச்சை மாற்றிவிட்டேன்.

"இவங்க ரத்தத்துல ஏதோ ஒரு புரதம் ரொம்ப அதிகமா இருக்காம். கொலஸ்ட்ராலைச் சுமந்துட்டுப் போறதாம். பரம்பரையா வருமாம். கூடப் பிறந்தவங்க கட்டாயம் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாரு. டெஸ்ட் பேரு இதுல இருக்கு. தம்பியை அழைச்சிட்டுப் போயி ரத்தம் குடுத்துட்டு வா" என்றார். சீட்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பொதுவாகவே சந்தேக புத்தி. கீரைக்கார அம்மா கொசுறாக ஒரு கட்டு போட்டால்கூட, உள்ளே அழுகியது இருக்குமோ என்று பிரித்துப் பார்ப்பவள் நான். நாலு வருடம் முகம் பார்க்காதவர்கள் திடீரென்று வந்து ரத்தம் கொடு என்றால் விடுவேனா? என் கணவர் பிறந்தது மாமியாரின் அம்மா வீட்டில். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதை வைத்து, அவர் அந்த வீட்டுப் பிள்ளைதானா என்று அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் டீக்கடையில் பேசியதாக என் காதுக்கு வந்திருந்தது. இப்போது இந்தச் சீட்டு. டி.என்.ஏ. டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கத்தான் நெஞ்சுவலியைச் சாக்காக வைத்து வருகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அண்ணிக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?" என்று என் கணவர் சிரித்தார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவரை அடக்கிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. வரப்பில் வேகமாக நடந்தால் கொஞ்சம் மூச்சு வாங்கும். அதனால் தஞ்சாவூரைத் தாண்டி, தெரிந்த முகம் யாரும் இல்லாத கும்பகோணத்து லேப் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். பெயரில் இனிஷியலைக்கூட மாற்றிக் கொடுத்தேன். ஓரகத்தியின் சீட்டைக் காட்டவே இல்லை. கொலஸ்ட்ரால் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

ரிசல்ட்டில் எல்லாமே அளவுக்குள் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பாதிதான் கணவர் நன்றாக இருக்கிறார் என்பது. மீதி, அவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்பது. உடனே போட்டோ எடுத்து ஓரகத்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே, "எங்க ரத்தம் சுத்தமாத்தான் இருக்கு. வேற வழி பாருங்க" என்று எழுதினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. சண்டைக்குத்தான் என்று நினைத்து நானும் தயாராகவே எடுத்தேன்.

"இங்க பாரு, இது வேற டெஸ்டு. இவங்களுக்கும் போன வருஷம் இதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அதை நம்பித்தான் சும்மா இருந்துட்டோம். நான் சொன்னதைத் தனியாக் கேட்டாத்தான் எடுப்பாங்க. என் மேல நம்பிக்கை இல்லன்னா, உனக்குப் புடிச்ச டாக்டர்கிட்டயே சீட்டைக் காட்டிக் கேளு. கேஸ் பாட்டுக்குக் கேஸ் நடக்கட்டும். தம்பியை விட்டுடாத" என்றார். கடைசி வார்த்தையில் அழுதுவிட்டார். போனை வைத்ததும் சீட்டைத் தேடி எடுத்துவைத்தேன்.

மறுநாள் தஞ்சாவூரில் ஓர் இதய டாக்டரிடம் சீட்டைக் காட்டினேன். அப்போதும் என் புத்தி போகவில்லை, இதில் டி.என்.ஏ. ஏதாவது தெரிந்துவிடுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதெல்லாம் இதில் தெரியவராது என்றார். வழக்கமான கொலஸ்ட்ரால் டெஸ்டில் இந்தப் புரதம் தனியாகத் தெரியாது, பிறப்பிலேயே வருவது என்று விளக்கினார். எடுத்துப் பார்த்தால் என் கணவருக்கும் அது அளவுக்கு மேல் பல மடங்கு இருந்தது. மூச்சு வாங்குவதைக் கேட்டுவிட்டு ஆஞ்சியோ செய்தார்கள். ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை. இப்போது பீடியை விட்டுவிட்டு, மாத்திரையும் பத்தியமுமாக நன்றாக இருக்கிறார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தா அன்று அவர்கள் ஒரு பெஞ்சில், நாங்கள் ஒரு பெஞ்சில்தான் உட்காருகிறோம். நிலத்தை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னமும் மனசு வரவில்லை, அதை மறைப்பானேன். ஆனால் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்து பத்து நாள்கூட ஆகாத அந்த நேரத்தில், எதிராளி வீட்டு உயிரை நினைத்து நான் அப்படிப் படியேறிப் போயிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். போயிருப்பேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.