வலத்து மாட்டுக்கு இரண்டு முறை

என் கணவர் மாட்டுவண்டிப் பந்தயச் சாரதி. வேறு தொழில் கிடையாது. மாடுகள் எங்களுடையவை அல்ல. ஆரப்பாளையத்தில் லாட்ஜ் நடத்தும் ஒருவருடையவை. பழக்குவதும் ஓட்டுவதும் இவர் வேலை, தீனி என் வேலை. கல்யாணத்துக்கு முன்பு நான் மாட்டைத் தொட்டதுகூட இல்லை. பி.எட். முடித்து ஒரு பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் நின்றேன். திரும்பப் போகலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மாடுகளின் கால அட்டவணை குறுக்கே வந்தது. அல்லது அதை நான் சாக்காகச் சொல்லிக்கொண்டேனோ என்னவோ.

தை பிறந்தால் ஆடி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு இல்லை. என் தங்கை கல்யாணத்துக்கே நான் தனியாகத்தான் போனேன். இவருக்கு இடது தோள் எலும்பு இரண்டு முறை முறிந்து கூடியிருக்கிறது. மழை நாளில் அந்தக் கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. பந்தயத்தன்று வண்டி கிளம்பியதிலிருந்து அவருடைய போன் வரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. விரதமா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இந்த வருடம் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய பந்தயம். அதற்காக நான்கு மாதம் உழைத்தார். "இந்தத் தடவையும் பிந்துனா வேற சாரதியத்தான் பாக்கணும்ப்பா" என்று மாட்டின் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்தால்தான் பயப்பட வேண்டும்.

பந்தயத்தன்று மாட்டுக்கு அரை வயிறுதான். பருத்திக்கொட்டை ஆட்டிய பாலில் ஒரு மாட்டுக்கு அரை வாளி, அதற்கு மேல் ஒரு கை தீனிகூடக் கூடாது. வயிறு நிறைந்த மாட்டை விரட்டினால் உப்பிப் போய் நடுச் சாலையில் விழும். பின்னால் வண்டியில் இருப்பவர் என்ன ஆவார் என்பதை நான் யோசித்து முடித்ததே இல்லை.

அன்று விடியும்போதே மகளுக்குக் காய்ச்சல். நுகத்தின் இடப்பக்கம் பூட்டும் இடத்து மாட்டுக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் அழுதாள். உள்ளே ஓடி, ஈரத்துணி போட்டுத் தட்டிக்கொடுத்துத் திரும்பி வந்தால் வலத்து மாட்டின் தொட்டி காலியாக இருந்தது. குடித்து முடித்துவிட்டதா, நான் ஊற்றவே இல்லையா? மாடு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. இன்னும் ஊற்றவில்லை என்று முடிவு செய்து அரை வாளி ஊற்றினேன்.

மாடுகளை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. அதன் பிறகுதான் பருத்திப்பால் அண்டாவை மூடி வைக்கப் போனேன். சாயங்காலத்துக்கு மிஞ்சியிருக்க வேண்டிய பால் அதில் இல்லை.

இவர் போனை எடுக்கவில்லை. ஐந்தாறு தடவை அடித்துவிட்டு, வண்டியோடு ஓடுகிற துணைச் சாரதியைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, அவர்கிட்ட குடுங்க."

"மாடு பூட்டியாச்சு தங்கச்சி. கொடி வீசப் போறாக. ஜெயிச்சுட்டுப் பேசுறோம்."

"வலத்து மாட்டுக்கு ரெண்டு தடவ வச்சுட்டேண்ணே."

"அடியாத்தி! எம்புட்டு?"

நான் சொல்வதற்குள் போன் கை மாறியது. இவர் குரல். "நெசமாவா?"

"அப்படித்தான் நெனைக்கிறேங்க."

"நெனைக்கிறியா, வச்சியா?"

பின்னால் மைக் சத்தம். யாரோ ஒருவர், "என்ன மாப்ள, வீட்டுல இன்னும் உத்தரவு வரலையா?" என்று கத்த, கூட்டமே சிரித்தது. தெரியவில்லை என்று சொன்னால் ஓட்டிவிடுவார்.

"வச்சேன்" என்றேன்.

மத்தியானம் வேன் வந்தது. பந்தயத்தில் ஓட்டாமலே மாடுகளை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார் இவர். மாட்டை இறக்கி, இடது விலாவை அமுக்கிப் பார்த்தார். உப்பல் இல்லை. மெதுவாக நடத்திப் பார்த்தார். மாடு சாணி போட்டது; அசை போட்டது. இரண்டு மணி நேரம் அதன் பக்கத்திலேயே குத்தவைத்திருந்தார். முழு ஆளாக வீடு திரும்பியிருக்கிறாரே என்று என் மனம் லேசானது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா கொல்லை வழியாக வந்து என்னிடம் மெல்லச் சொன்னார். "கோவிச்சுக்காதடி. காலையில நீ பிள்ளையப் பாக்க உள்ள போனப்ப எங்க ஆடு ரெண்டும் உன் அண்டாவுல வாய வச்சுருச்சு. நான் வெரட்டுறதுக்குள்ள பாதிய உறிஞ்சிருச்சுக."

அப்படியானால் வலத்து மாட்டுக்கு ஒரு தடவைதான்; நான் திரும்பி அண்டாவைப் பார்த்தேன். அக்கா கோபம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் ஆரப்பாளையத்திலிருந்து மாட்டின் சொந்தக்காரரின் போன் வந்தது. மாடுகள் எங்கள் வீட்டிலேயே நிற்கட்டுமாம். என் தப்பை இவர் சொல்லவில்லை போலும்; பழக்கமான கை, தீனியை நானே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அடுத்த ஞாயிறு ஓட்டுவதற்கு மட்டும் வேறு ஒருவர் வருவாராம். இவர் "சரிங்கண்ணே, சரிங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்துவிட்டுக் கேட்டார். "நீ ரெண்டு தடவ வச்சது நெசம்தானே?"

ஆடுகளைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவர் நான்கு மாதத்தை ஒன்றுமில்லாததற்கு விட்டுக்கொடுத்ததாக ஆகும்.

"நெசம்தாங்க. நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்பச் சரி" என்றார். "ஓட்டியிருந்தா மாடு செத்திருக்கும்."

ஆமாம் என்று தலையாட்டினேன்.