அக்கா ‘நடுவுல’ என்று ஆரம்பித்தாள்

எனக்குப் பேச்சில் அவசரம். எதிரில் இருப்பவர் பாதி சொல்வதற்குள் என் பதில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். பல் மருத்துவம் படித்து ஹவுஸ் சர்ஜன் ஆனதும் அது இன்னும் முற்றிப்போனது. வெள்ளைக் கோட்டு போட்ட புதிதில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டாவி விட்டால்கூடச் சொத்தைப் பல் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையார்பாளையத்தில் அக்கா வீட்டுக்குப் போவேன். முன்கூடத்தில் மாமாவின் தறி, பின்னால் சமையல், இடையில் இருக்கிற இடத்தில் எல்லோரும் படுப்பார்கள். அக்கா மகளுக்கு ஏழு வயசு. எல்லோரும் பாப்பா என்றே கூப்பிடுவோம். முன்பற்கள் எடுப்பாக, வாய் எப்போதும் லேசாகத் திறந்தபடி இருப்பாள். வகுப்பில் தூங்கித் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். கூடப் படிக்கும் பிள்ளைகள் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“வா டாக்டரம்மா,” என்றார் மாமா, தறியில் உட்கார்ந்தபடியே. “உங்க அக்கா பொண்ணு வாயைப் பாரு. கொசு உள்ள பூந்து குடும்பம் நடத்துது.”

“நீ கம்முனு இருய்யா,” என்று அவரை அடக்கிவிட்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். “சொம்மா வெளையாட்டு இல்லடி. தூங்கச்சொல்ல அப்படிக் கொறட்டை வுடுறா. நடுவுல சில சமயம்...”

“வாயால மூச்சு வுடுறா, அதான்க்கா,” என்றேன்.

அவள் வாக்கியம் அங்கேயே நின்றது. நான் என் வகுப்பை ஆரம்பித்துவிட்டேன். வாயைத் திறந்தே வைத்திருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும், நாக்கு தாங்காத மேல் அண்ணம் குறுகிக்கொண்டே போகும், பற்களுக்கு இடம் போதாது, முன்பல் வெளியே தள்ளும். அத்தனையும் சரி. பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கும். ஆனால் ஒரு குழந்தை ஏன் வாயால் மூச்சு விடுகிறது, மூக்குக்கு என்ன ஆயிற்று என்பதுதான் முதல் கேள்வி. அதை நான் கேட்கவில்லை. போனில் பார்த்த வீடியோக்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்கி எழுந்து, முகம் பளபளக்கச் சிரிக்கும் மனிதர்கள். பையில் காயத்துக்கு ஒட்டுகிற காகித டேப் இருந்தது. எடுத்துக் கிழித்தேன்.

“பாப்பா, தூங்கச்சொல்ல இதை வாயில ஒட்டிக்கணும். பிக்கக் கூடாது. பிச்சீன்னா பல்லு இன்னும் வெளிய வந்துடும்.”

“அப்ப பேச முடியாதா சித்தி?”

“தூக்கத்துல யாருடி பேசுவா?”

“இவதான்,” என்றாள் அக்கா என்னைக் காட்டி. “ஒரே ரூம்ல படுத்து பட்டவ நான்.”

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சூட்டோடு அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளுக்குப் போய், வாயைத் திறந்து தூங்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிவிட்டு வந்தேன். காபி கொடுத்தார்கள். குடித்தேன்.

சில வாரம் கழித்துப் போனபோது சாப்பாட்டு நேரம். தறி நின்றிருந்தது. அது ஓடும்போது அந்த வீட்டில் வேறு ஒன்றும் காதில் விழாது. பாப்பா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் தூங்கினாலும் அக்கா டேப் ஒட்டியிருந்தாள். எதைச் சொன்னாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது அவளுக்கு. உதட்டின் ஓரத்திலிருந்து ஓரம் வரை, இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தாள்.

குறட்டைச் சத்தமே இல்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அருகில் போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுத்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. வயிறு மேலே எழும்பும்போது மார்பு உள்ளே குழிந்தது. உடம்பு முழுக்க மூச்சுக்குப் பாடுபடுகிறது, மூச்சு மட்டும் போகவில்லை. டேப் உதட்டோடு உள்ளே இழுபட்டது. நான் கையை நீட்டுவதற்குள் அவளே கண்ணைத் திறக்காமல் பிய்த்து எறிந்து, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவள் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு வாங்கினாள்.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தாள். “திரும்பவும் பிச்சிட்டியா? சித்தி இன்னா சொல்லிட்டுப் போனா?”

பாப்பா என்னைப் பார்த்துவிட்டாள். வாயைச் சுற்றித் தோல் சிவந்து தடித்திருந்தது. “தெரியாம பிச்சிட்டேன் சித்தி,” என்றாள். “அடுத்த தபா பிக்க மாட்டேன்.”

“இனிமே ஒட்டாதக்கா,” என்றேன். டேப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இரண்டு வீடுகளுக்கும் ஓடினேன். இந்த முறை காபி குடிக்கவில்லை. “அன்னிக்கு ஒட்டுன்ன, இன்னிக்கு வேணாம்ன்ற. படிப்பு மாறிப்போச்சா?” என்று கேட்டாள் ஒரு அம்மா. நல்லவேளை, அவள் ஒட்ட ஆரம்பிக்கவே இல்லை. இன்னொரு வீட்டில் ஒரே நாளில் பையன் டேப்பை நாய்மேல் ஒட்டிவிட்டானாம். அந்த வீட்டு நாய்க்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அந்த வாரமே அக்காவையும் பாப்பாவையும் கல்லூரிக்கு வரச்சொன்னேன். குழந்தைகள் பல் பிரிவின் மேடம் பாப்பாவை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்குப் பின்னால் விளக்கைக் காட்டினார். இரண்டு டான்சிலும் நடுவில் வந்து ஏறக்குறைய முட்டிக்கொண்டிருந்தன. அன்றைக்கே அக்கா வீட்டில் போன் டார்ச்சை அடித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். “தூங்கும்போது எப்படி இருப்பா? சொல்லுங்கம்மா.”

அக்கா முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பேசலாமா என்று கேட்பவள் மாதிரி. பிறகு சொன்னாள்: “கொறட்டை வுடுவா மேடம். நடுவுல மூச்சு நின்னாப்புல ஆயிடும். நான் முதுகுல கை வெச்சுக்கினே இருப்பேன். அப்புறம் தூக்கிவாரிப் போட்டு இழுப்பா.”

‘நடுவுல’வுக்கு அப்புறம் வர வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான் விட்டிருந்தால் அன்றைக்கே வந்திருக்கும்.

மேடம் பாப்பாவின் உதட்டோரத்தைத் தொட்டார். “இது என்ன, டேப்பா? யார் ஒட்டச் சொன்னது?”

“நான்தான் மேடம்,” என்றாள் அக்கா. “போன்ல பார்த்துட்டு...”

“போன்ல வர்றதையெல்லாம் பிள்ளைமேல செஞ்சு பார்ப்பீங்களா? மூக்கும் அடைச்சு, வாயையும் அடைச்சா அவ எதால மூச்சு விடுவா?”

“தப்புதான் மேடம்.”

நான் விளக்கின் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது. இரண்டு வார்த்தை போதும், நான்தான் சொன்னேன் என்று. எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்ளும் வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

திரும்பும் பஸ்ஸில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். “நீ அங்க படிக்கிற இல்ல,” என்றாள். “ஜன்னலாண்ட நீ ஒக்காரு, உனக்கு வாந்தி வரும்.”

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். தூக்கத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று சோதித்து, டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்தார்கள். பாப்பா வகுப்பில் தூங்குவது நின்றது. ஆனால் அண்ணம் குறுகலாகவே இருந்தது, மூச்சிலும் இன்னும் கொஞ்சம் இழுப்பு. அதனால் மறுபடி எங்கள் பிரிவு. மேல் பற்களில் ஒரு கருவியைப் பொருத்தினோம். அதன் நடுவில் சின்னத் திருகு. வீட்டில் சாவி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் அண்ணம் அகலும். அண்ணம்தான் மூக்குக்குத் தரை. தரை அகன்றால் மேலேயும் காற்றுக்கு இடம் கிடைக்கும்.

“நெய்யச்சொல்ல துணி சுருங்காம ரெண்டு கரையையும் இழுத்துப் புடிக்கக் குச்சி வெக்கிறாப்புல,” என்றாள் அக்கா.

“அதேதான்,” என்றார் மேடம்.

பாப்பா நாக்கால் கருவியைத் தடவிப் பார்த்தாள். எச்சில் ஒழுக, குழறிக்கொண்டு என்னைக் கேட்டாள்: “சித்தி, இதையும் பிக்கக் கூடாதா?”

மேடத்தின் கை நின்றது. “இதையுமா?” என்றார். அக்காவைப் பார்த்தார், பிறகு என்னை.

அக்கா வாயைத் திறந்தாள். இந்தத் தடவையும் நான் அவளை முடிக்க விடவில்லை. “டேப் ஒட்டச் சொன்னது நான்தான் மேடம். அக்கா இல்ல. அன்னிக்கு நின்னுக்கினே இருந்தேன், சொல்லல.”

மேடம் கையுறையைக் கழற்றினார். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அக்காவிடம், “அன்னைக்கு உங்களைப் பேசினது தப்பும்மா,” என்றார். என்னிடம், “ஹிஸ்டரியை நீ எடு. முதல்லேர்ந்து. அவங்க முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காத,” என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

அக்காவுக்கு எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “சொல்லுக்கா.”

“நடுவுல பேச மாட்டியே?”

“மாட்டேன்.”

சொன்னாள். பாப்பா படுக்கையை நனைத்தது, காலையில் தலைவலி என்று அழுதது, சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டே போனேன். நின்றபோது, இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“இருக்குது,” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “அந்த டேப்பு. மூச்சு நின்னாப்புல இருந்தா பயந்துபோய் நானே பிச்சுடுவேன்டி. அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வரும். படிச்சவ தப்பா சொல்லுவாளான்னு திரும்பவும் ஒட்டுவேன்.”

என் பேனா நின்றிருந்ததை அவள் பார்த்தாள்.

“அதையும் எழுதணுமா?” என்றாள்.

எழுதினேன்.