புழுக்கொடியல் உடைத்த பல்

கிழவியின் வாய்க்குள் நடந்ததை அறிய உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? வேறு வேலை இல்லையா? சரி, கேட்டுத் தொலையுங்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் நாங்கள் இங்கிலீஷ்காரர் ஊரான இல்ஃபோர்டில் இருந்தோம். கடைக்குட்டி மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை பார்த்து, ஊரிலிருந்து வந்த ஒருவர் தந்த புழுக்கொடியலை எடுத்துக் கடித்தேன். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த சாமான், விறகு மாதிரி இருக்கும். இடித்துத் தின்ன வேண்டிய வயதில் எனக்குக் கடிக்கிற ஆசை. மேல்வரிசைக் கட்டுப்பல் நடுவால் இரண்டாகப் போயிற்று.

"திருத்துற ஆளிட்டக் குடுப்பமப்பா" என்றேன். என் வீட்டுக்காரர் ஜெர்மனியில் இருபது வருடம் மெஷின் பூட்டியவர். ரோசம் வந்துவிட்டது.

"மெஷினே பூட்டினனான், உம்மட ரெண்டு துண்டுப் பல்லை ஒட்டேலாதே?"

"மெஷின் சோறு தின்னாதப்பா."

கேட்டால்தானே! குசினி மேசையில் பேப்பரை விரித்து, சூப்பர் குளூ பூசி, மூச்சைப் பிடித்து ஒட்டினார். முதலில் ஒட்டியது அவருடைய பெருவிரல். பிறகுதான் பல். போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் மகாராணி மாதிரிச் சிரித்தது. இடப்பக்கம் என் மாமியார் மாதிரி முறைத்தது.

மகள் அழத் தொடங்கினாள். "வாய் திறக்காம இருந்தா பெருமை பிடிச்ச சனம் எண்டுவினம். திறந்தா பயந்து ஓடுவினம், அம்மா!"

மனிதர் அடங்கிப்போனார். அடுத்த நாள் காலை அவரே என்னைக் கட்டுப்பல் செய்கிற வெள்ளைக்காரரிடம் கூட்டிப்போனார். வெள்ளைக்காரர் பல்லை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்ததைத் திருத்துவது சுகமாம். ஒட்டியதைத் திருத்துவதுதான் பெரும்பாடாம். யார் இந்த வேலை பார்த்தது என்று கேட்டார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். என் வீட்டுக்காரர் ஒட்டுப்பட்ட விரலைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு முகட்டைப் பார்த்தார். பாவம். நான் என் நெஞ்சைத் தொட்டு, "மீ" என்றேன்.

வெள்ளி பின்னேரம் பல் வந்தது. சனிக்கிழமை நான் சிரித்த சிரிப்பில், "நல்ல சிரிச்ச முகமான சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் தாய். கல்யாணம் பொருந்தியது.

பிறகு, பல் உடைந்த கதை தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் விடுவார்களா? "ஆரக்கா இவ்வளவு வடிவாத் திருத்தினது?"

"வேற ஆர்? எங்கட இவர்தான். ஆனா உங்கட பல்லுகளைத் தூக்கிக்கொண்டு வந்திடாதேங்கோ பிள்ளையள். அவர் பெண்சாதியின்ர பல்லு மட்டும்தான் பாக்கிறவர்."