பால் மறக்கடித்த படலம்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லோரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பெற்றோர் கூட்டங்களில் எழுந்து நின்று, பிள்ளைகளை அடிக்காமல், பயமுறுத்தாமல், பொய் சொல்லி ஏமாற்றாமல் எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று விளக்கமாகப் பேசுவேன். கைதட்டல்கூட விழும். இதில் அடி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் என் சொந்த மகளிடம் நான் செய்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மகனுக்கு அப்போது மூன்றரை வயது. மகளுக்கு இரண்டு ஆகப்போகிறது. மூன்றாவது வயிற்றில். மகன் பால் குடிப்பதைத் தானாகவே விட்டவன். ஒருநாள் அவன் அப்பாவின் கோப்பையிலிருந்த பால் விடாத சாயத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றான், அதோடு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் அப்படியில்லை. நான் வேலைக்குப் போகும் நேரம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் ஆயாவோடு சமர்த்தாக இருப்பாள். வீட்டுக்கு வந்துவிட்டால் நான் ஒரு தேத்தண்ணிக் கடை. நின்றுகொண்டு குடிப்பாள், தலைகீழாகக் குடிப்பாள், வாயில் ரொட்டி இருக்கும்போதே வந்து குடிப்பாள். மாசமாக இருப்பதால் பால் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. அதைப் பற்றி அவள் முறைப்பாடு செய்ததே கிடையாது.

முதல் இரண்டையும் போலவே இதையும் வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் பதுளையில் கட்டிலில் கிடக்கும் நாட்களில் இவள் பால் இல்லாமல் எப்படித் தூங்குவாள்? தையல் போட்ட வயிற்றோடு திரும்பி வந்தபின் இரண்டு பேரை எப்படி மாரில் போட்டுக்கொள்வேன்? நினைத்தாலே எனக்கு வியர்த்தது. அடுத்தது பிறக்கும்முன் இவள் பாலை மறந்தே ஆக வேண்டும். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேட்டேன். சிங்களம் கலந்த தமிழில் சிரித்துக்கொண்டே, "குடுக்கலாம் டீச்சர், பிரச்சினை ஒண்ணும் இல்ல. நீங்க நல்லா சாப்பிடணும், அவ்வளவுதான்" என்றார். படித்தவர் சொன்னார் என்று நிம்மதியாக இருக்க லயம் விடுமா? பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் வைத்தே தீர்ப்புச் சொன்னார்.

"மாசமா இருக்கறவ பாலக் குடிச்சா புள்ள சவலையாப் போயிரும் டீச்சர். அந்த மிஸ்ஸுக்கு என்னா தெரியும்? மாருல வேப்பெண்ணெயத் தடவுங்க. ஒரே நாள்ல ஓடிருவா."

என் மகள் அப்போது பார்ப்பதற்கு ஒரு சின்ன கங்காணி மாதிரி இருந்தாள். சவலைக்கும் அவளுக்கும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. ஆனாலும் வேப்பெண்ணெய் வாங்கித் தடவினேன். ஒரு வாய் வைத்தாள், முகத்தைச் சுளித்தாள், என் தோள் துண்டை இழுத்து அழகாகத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து குடித்தாள். வேப்பெண்ணெய் நாற்றத்தில் சோறு இறங்காமல் தவித்தது நான்தான்.

அடுத்தது கற்றாழை. அதுவும் ஒரு துடைப்பில் முடிந்தது. பிறகு, கண் மையை அப்பிக்கொண்டு "ஐயோ, பூச்சி! அம்மாவ பூச்சி கடிச்சிருச்சு!" என்று கத்தினேன். மகள் உண்மையில் பயந்து பின்வாங்கினாள். வெற்றி என்று நினைத்தேன். மகன் கிட்ட வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "அது பூச்சி இல்ல நங்கி. அம்மாவோட மை. நான் பாத்தேன்" என்று தங்கைக்கு விளக்கம் கொடுத்தான். பொய் சொல்லக்கூடாது என்று அவனுக்குப் படிப்பித்ததும் நான்தானே. கடைசியாகப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு "அம்மாவுக்குப் புண்ணு" என்றேன். அவள் பாவமாகப் பார்த்து, ஊதிவிட்டு, முத்தம் கொடுத்தாள். பிறகு பிளாஸ்டரை உரித்தாள்.

அப்போதுதான் லயத்தின் கடைசி ஆயுதம் வெளியே வந்தது. பிள்ளையை வேறு தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டில் ஒரு கிழமை விடுவது. அம்மா முகத்தைப் பார்க்காமல் இருந்தால் பால் தானாக மறந்துவிடும். இங்கே பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் மறந்திருக்கின்றன. மடுல்சீமையில் என் அக்கா இருக்கிறாள். சொன்னதுமே, "குடுத்து அனுப்பு. நான் மறக்கடிச்சுக் காட்டுறேன்" என்று சவால்விட்டுப் பதுளைக்குக் கிளம்பி வந்தாள்.

பதுளை பஸ் நிலையத்தில் கைமாற்றுவது என்று திட்டம். பஸ் புறப்படும்போது தாய் முகத்தைக் காட்டக்கூடாது என்பது சட்டம். அதனால் மகளை அக்காவின் மடியில் உட்கார வைத்துவிட்டு இறங்கி, ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஏழு மாத வயிற்றை மறைக்கும் தூணை இன்னும் யாரும் கட்டவில்லை. போகிற வருகிற ஆட்கள் எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். மகன் வேறு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நங்கி! அம்மா அங்க ஒளிஞ்சிருக்காங்க!" என்று கத்தினான்.

மகள் என்னைப் பார்த்துவிட்டாள். முடிந்தது, இனி ஊரைக் கூட்டப்போகிறாள் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு கையில் வடையை வைத்துக்கொண்டு மறு கையை ஆட்டி, "டாட்டா" என்றாள். பஸ் போய்விட்டது. அழுதது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. "சந்தோஷமாத்தானே போறா, நீ ஏன் அழுவுற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

அக்கா வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்து வளைவுக்கு ஏறி வந்துதான் எடுக்க வேண்டும். சாயந்தரம் சாயந்தரம் அந்த அழைப்புக்காகக் காத்திருந்தேன்.

"எப்படிக்கா இருக்கா?"

"அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா. ரொட்டியும் சம்பலும் தின்னுட்டுக் கோழிய வெரட்டிக்கிட்டுத் திரியிறா."

"என்னயக் கேட்டாளா?"

"இல்லயே."

"பால் கேட்டு அழுதாளா?"

"மொத நாள் கொஞ்சம் சிணுங்குனா. இப்ப மூச்சே விடல. நான்தான் சொன்னேன்ல!"

"சந்தோஷம்க்கா" என்று போனை வைப்பேன். ஒவ்வொரு நாளும் இதே நல்ல செய்தி வரும், ஒவ்வொரு நாளும் எனக்கு ஆத்திரம் கூடும். ஒரு தரமாவது அழுது தொலைத்தால் என்ன? அவள் வழக்கமாக என் மேல் பாய்ந்து ஏறும் நேரத்தில் என் கை தானாகச் சட்டைப் பட்டனுக்குப் போகும். போய்விட்டுச் சும்மா திரும்பும். வேலை இல்லாமல் இருந்த அந்த இடத்துக்கு மகன் விண்ணப்பம் போட்டான். "நங்கிதான் இல்லயே, நான் குடிக்கவா?" என்றான். "நீ பெரிய ஆளுடா" என்று விரட்டினேன். அந்தக் கிழமை முழுக்க அவன் மட்டும்தான் என்னைக் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளைக் கொண்டுவந்தாள். புதுச் செருப்பைக் காட்டிக்கொண்டு ஓடிவந்து என் மடியில் ஏறினாள். கன்னம் இன்னும் உப்பியிருந்தது. கோழிக் கதை, நாய்க் கதை, பெரியம்மா கதை எல்லாம் சொன்னாள். பால் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் சொன்னது வேப்பெண்ணெய். பரவாயில்லை, எல்லோரும் ஜெயித்திருந்தார்கள்.

என் அக்காவை பஸ் ஏற்றிவிட வீட்டுக்காரர் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் நானும் மகளும் மட்டும். வெளியே தூறல். விளையாடிக் களைத்து என் மேல் சாய்ந்தாள், கொட்டாவி விட்டாள். வழக்கமாகக் கை உள்ளே வரும் நேரம். வரவில்லை. என் மூக்குத்தியைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தாள்.

நான் பட்டனை அவிழ்த்தேன். பாடம் முடிந்தால் சோதனை வைத்துப் பார்க்க வேண்டும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சோதனை இல்லை. எனக்கு அவள் வேண்டும்போல் இருந்தது.

"குடிக்கிறியா மகள்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் பார்த்தாள். ஒரு கணம் வாய் லேசாகத் திறந்தது. பிறகு இரண்டு கையாலும் என் சட்டையை இழுத்து மூடினாள். பட்டன் போடத் தெரியாது, அதனால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"குட்டிப் பாப்பாக்கு" என்றாள். "பெயிம்மா சொன்னா."

"உனக்கு?"

யோசித்தாள். "எனக்கு வேணாம்" என்றாள்.

கையை எடுக்காமலே என் மடியில் தூங்கிப்போனாள். அவளுக்கு மறக்கடிக்க லயமே திரண்டு வந்து வழி சொன்னது. எனக்கு மறக்கடிக்க ஒருத்தரும் ஒரு வழியும் சொல்லவில்லை.