தவறணை முனை நாய்

அந்தோனியார் திருவிழாவுக்கு எனக்குச் சம்மனசு வேடம் கட்டியபோது என்னைவிட மாமாவுக்குத்தான் பெருமை அதிகம். கடதாசிச் சிறகோடு எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்ற என்னைக் காட்டி, மேலேயிருந்து நேரே இறங்கி வந்த மருமகள் என்று பக்கத்துக் காம்பராக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அன்றைக்குப் பரீட்சை அவருக்குத்தான்.

மாமா என் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஹாலிஎலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சாராயத்திலும் அப்படித்தான். முந்தைய வருஷத் திருவிழாவில் நன்றாக ஏற்றிக்கொண்டு வந்து சப்பரத்துக்குத் தோள் கொடுத்தார். சாராயம் விற்கிற தவறணை முனையில் சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அந்தோனியாரே தவறணைக்குள் எட்டிப் பார்த்தார் என்று தோட்டமே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தாத்தா காலத்திலிருந்து சப்பரத்தின் முன்கம்பு எங்கள் வீட்டுத் தோளில்தான் இருந்தது. கோயில் உபதேசியார் அன்றே அதைப் பறித்துவிட்டார். அடுத்த சாம்பல் புதனிலிருந்து திருவிழா வரை ஒரு சொட்டும் தொடாமல் இருந்தால் திரும்பத் தருவதாகவும், தொட்டால் இனி எந்தக் காலத்திலும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார். அம்மா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கிய தவணை அது.

கோயில் கீழே கடைத்தெருவுக்கு அப்பால் இருந்தது. புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்குவதற்காக நான் சாயங்காலங்களில் அங்கே ஞானோபதேசம் படிக்கப் போவேன். சாம்பல் புதனிலிருந்து மாமாவே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தவறணை முனை வந்ததும் குரலைத் தாழ்த்தி, அங்கே தன்னை மட்டும் கடிக்கிற ஒரு பொல்லாத நாய் இருப்பதாகவும், நான் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு மங்கள வார்த்தை ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னால் அது கிட்டே வராது என்றும் சொன்னார். இத்தனை பேர் போகிற வழியில் நாய் ஏன் அவரை மட்டும் கடிக்கிறது என்று கேட்டேன்.

"அதுக்கு என்னோட ருசி தெரியும் பாப்பா" என்றார்.

அன்றிலிருந்து அந்த முனையில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஜெபத்தின் பின்பாதியை மாமா சொல்வார். தவறணை வாசலில் இருந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். சிலர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாயை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. என் ஜெபத்துக்குப் பயந்து அது பதுங்கியிருக்கிறது என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம்.

திருவிழாவன்று முன்கம்பு மாமாவின் தோளுக்கு வந்தது. நான் பூத்தட்டோடு அவருடைய முழங்காலை ஒட்டி நடந்தேன். சப்பரம் தூக்குகிறவர்கள் கோயிலுக்குத் திரும்பும் வரை கம்பிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள். அதனால் வழியில் இருப்பவர்களே இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் வாயில் புகட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். புகட்டினால் வேண்டாம் என்று தலையைத் திருப்புவது மரியாதை இல்லை.

தவறணை முனையில் சப்பரம் நின்றது. மாமாவின் பழைய கூட்டாளி ஒருவர் பித்தளைத் தம்ளரோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பக்தியாக அதை மாமாவின் உதட்டருகே உயர்த்தினார். வாடை எனக்கே அடித்தது. அது இஞ்சி வாடை இல்லை. மாமாவின் தொண்டை ஏறி இறங்கியது. பின்னால் பெண்கள் வரிசையில் அம்மா அசையாமல் நின்றாள். யாரும் தடுக்கவும் முடியாது, பார்ப்பதற்கு அது வெறும் தண்ணீர்த் தம்ளர்தான்.

மாமா குனிந்து என்னைப் பார்த்தார்.

"பாப்பா, நாய் வந்திருச்சு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பூத்தட்டைக் கீழே போட்டுவிட்டு அவருடைய வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து மங்கள வார்த்தையை ஆரம்பித்தேன். பின்பாதியை மாமா எடுத்தார். அப்படி ஒரு குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதில்லை. ஜெபம் நிறைந்த வாயில் வேறு எதுவும் நுழைய இடமில்லை. செபமாலை தொடங்கிவிட்டது என்று நினைத்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பின்னால் ஆண்கள். பாட்டுக்கு வாயைத் திறந்த உபதேசியாரும் திகைத்துப்போய் ஜெபத்துக்கு மாறினார். தம்ளர்க்காரர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஊரே ஜெபிக்கும்போது தலைத்துண்டோடு நிற்கக்கூடாதே என்று, தம்ளரை வைக்க இடம் தேடி, கடைசியில் சாராயத்தைத் தெருவோர வடிகானில் ஊற்றிவிட்டுத் துண்டை அவிழ்த்தார்.

சப்பரம் கிளம்பியது. வெடி முழங்க, மணி அடிக்க, ஒரு விரல்கூடச் சாயாமல் அந்தோனியார் நிமிர்ந்து அந்த முனையைக் கடந்தார். கோயில் வாசலில் உபதேசியார் எல்லார் முன்னாலும் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாமா சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து சிறகைக் கழற்றும்போது, நாய் எங்கே போனது என்று கேட்டேன்.

"செத்துப் போச்சும்மா" என்றார் மாமா.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாய்க்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, படுக்குமுன் அதற்கும் ஒரு ஜெபம் சொல்கிறேன் என்று அவளைத் தேற்றினேன். மாமா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் எங்கூட வந்துரு பாப்பா. அது எந்திரிச்சு வந்தாலும் வந்துரும்."

செத்தபின் தானாக எழுந்து வந்தவர் ஆண்டவர் ஒருவர்தான் என்று ஞானோபதேசத்தில் எனக்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இவ்வளவு பெரியவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மாமாமேல் எனக்கு இரக்கமாக இருந்தது. அந்த இரக்கத்தில்தான் மறுநாளும் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு போனேன்.