ஒற்றைப்படை அறைகளும் இரட்டைப்படை அறைகளும்

டோன் அண்ணன் அந்த மருத்துவமனையை விட்டுக் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பணி ஓய்வு பெற்ற அன்று. இருபத்தேழு வருடம் அங்கே போன் லைன் பார்த்தவர். எந்த ரிசீவரை எடுத்தாலும் காதில் வைத்து, லைன் உயிரோடு இருக்கும் ரீங்காரத்தைக் கேட்டு, "டோன் இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கீழே வைப்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வாசல் வரை வழியனுப்ப வந்த புது இன்ஜினியர் பெண் சிரித்தாள்.

"நீங்க போனதும் எனக்கு முதல் வேலை, அந்த வயர் சிக்கைப் பிரிக்கிறதுதான் அண்ணே."

"பிரிச்சிடாதம்மா," என்றார். அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா என்று பிடிபடவில்லை. பஸ்ஸில் வழி நெடுக அதே நினைப்பு.

இரண்டு மாதம் முன்புதான் அந்தச் சிக்கு உருவானது. மருத்துவமனையின் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஆயுள் முடிந்து, கம்ப்யூட்டர் கேபிளில் ஓடும் புது போன் சிஸ்டம் வந்தது. ஆனால் நாற்பத்தாறு அறைகளில் இருந்தவை பழைய போன்கள். புதுசு பேசும் பாஷை அவற்றுக்குத் தெரியாது. நடுவில் ஒரு பெட்டி வேண்டும்.

அறைக்கு ஒரு குட்டிப் பெட்டி போதும் என்றான் விற்க வந்தவன். அண்ணன் தலையாட்டி மறுத்தார். "தரை துடைக்க வர்றவங்க அந்த பிளக்கைப் பிடுங்கி மெஷினைச் சொருகுவாங்க. போன் செத்துடும்."

கொள்முதல் அதிகாரி கேட்டலாக்கை மூடினார். "நாப்பத்தெட்டு போன் தாங்குற பெரிய பெட்டி ஒண்ணு வாங்கிடுவோம். ஆச்சு."

"இருபத்துநாலு தாங்குறதா ரெண்டு வாங்குங்க சார்."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு அடுப்பா?"

"ஒண்ணு அணைஞ்சா இன்னொண்ணு எரியும்ல."

அதிகாரி முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார். அடுத்த வம்பு வயரில் வந்தது. பாதி அறைகளை ஒரு பெட்டியிலும் மீதியை மற்றதிலும் வரிசையாகக் கொடுத்தால் பார்க்க அழகு என்றாள் இன்ஜினியர் பெண். அண்ணன் ஒற்றைப்படை அறைகளை ஒன்றிலும் இரட்டைப்படை அறைகளை இன்னொன்றிலும் மாட்டினார். நர்ஸ் மேஜைக்குப் பெட்டிக்கு ஒன்றாக இரண்டு போன். வயர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன.

"என்னண்ணே இது, பூனை விளையாடின நூல்கண்டு மாதிரி!"

அவர் அடுத்த வயரை எடுத்து மாட்டினார். ரொம்ப வருடம் முன்பு பழைய எக்ஸ்சேஞ்சில் எட்டு லைன் தாங்கும் கார்டு ஒன்று பழுதாகி, ஒன்பதிலிருந்து பதினாறு வரை வரிசையாக எட்டு அறைகள் ஊமையாகின. அன்றைக்குப் பன்னிரண்டில் ஒரு மனிதர் சுருண்டு விழுந்தார். அவர் மனைவி பதின்மூன்றுக்கு ஓடினாள், பதினாலுக்கு ஓடினாள், எந்த போனிலும் டோன் இல்லை. தாழ்வாரத்தின் கோடிவரை போய் நர்ஸைக் கூட்டி வருவதற்குள் அவருக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. "எல்லா போனும் ஒண்ணாவா சாகும்?" என்று மட்டும் கேட்டாள். அண்ணனுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதையெல்லாம் இன்ஜினியர் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. பெட்டி வைத்த அலமாரிக் கதவில் ஒரு சீட்டு மட்டும் ஒட்டினார்: "பக்கத்து அறையிலாவது டோன் இருக்கட்டும்."

வீட்டில் சும்மா இருக்கப் பழகினார். ஆனாலும் போனை அடிக்கடி எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பார்.

"ரிட்டயர் ஆனது நீங்க மட்டும்தானா? உங்க காதுக்கு யாரும் சொல்லலையா?" என்பாள் மனைவி.

"சிக்கைப் பிரிச்சிருப்பாளோ?"

"போய்ப் பார்த்துட்டு வாங்களேன்."

போகவில்லை. பிரித்திருந்தால் பார்க்கத் தெம்பில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு சாயங்காலம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது.

"அண்ணே, காலைல ஒற்றைப்படைப் பெட்டி படுத்துடுச்சு. அந்த நேரம் பார்த்துப் பதினேழுல ஒருத்தருக்கு மூச்சுத் திணறல். அவர் தம்பி பதினெட்டுக்கு ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டிருக்காரு. இப்ப நல்லா இருக்காரு. உங்க சிக்கைப் பிரிக்க மூணு தடவை ஸ்க்ரூடிரைவரோட போனேன். மூணு தடவையும் அந்தச் சீட்டைப் படிச்சிட்டுத் திரும்பி வந்துட்டேன். ஏன்னு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. புதுப் பெட்டி மாட்டியாச்சு, வயர் பழையபடி குறுக்கதான். பதினேழுல டோன் இருக்கு."